பத்து கழிச்சுக்கோங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாயும் பிள்ளையும் நலம். பிள்ளை இப்போது அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிகிற வயதுக்கு வந்துவிட்டது. ஆகையால் நடுவில் ரத்தம், ஆபரேஷன் என்று வரும்போது யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இது அந்த அப்பா ஒரு விஷயத்தை மனைவியிடம் சொல்லாமல் நாற்பத்து நான்கு நாள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்த கதை.

பட்டறையில் அவனுக்கு முள்ளு என்று பெயர். பாய்லரோ பம்போ கேஸ் சிலிண்டரோ, எதில் இருக்கிற அழுத்தமானி கெட்டாலும் அவன் மேஜைக்குத்தான் வரும். மானியின் முள் சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்து, காட்டாவிட்டால் காட்ட வைத்து, ஒட்டுத்தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவன் வேலை. பதினைந்து வருஷமாக முள்ளையே பார்த்துப் பார்த்துக் கண் அப்படியே பழகிவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிஷம் பிந்தி ஓடினால் சாப்பாடு இறங்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிடுவான். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவன் மேஜைக்கு மேலே சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு வரி இருக்கும். அவனே எழுதியது. ‘ஐந்து இடம் ஏறிப் பார், ஐந்து இடம் இறங்கிப் பார், அப்புறம் பேசு.’ ஒரு மானியைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லுமுன், அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி ஐந்து இடத்திலும், இறக்கி ஐந்து இடத்திலும், நம்பகமான வேறொரு மானியோடு ஒப்பிட வேண்டும் என்பது அதன் பொருள். வேலையில் அந்த வரியை அவன் ஒருநாளும் மீறியதில்லை. வீட்டில் மீறினான்.

மனைவி திரை தைக்கிறவள். ஜன்னல் திரை, கதவுத் திரை எல்லாம் அவளுக்கு எச்சில் தொட்டு நூல் கோர்க்கிற நேரத்து வேலை. அந்த மாதம் வந்திருந்தது பெரிய வேலை. ஒரு பள்ளிக்கூட அரங்கத்தின் மேடைத் திரை. அடர் சிவப்பு வெல்வெட், பத்துப் பட்டை, ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. முன்னறை முழுவதும் துணி. கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் துணியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை, முப்பத்தோராவது வாரம், கால் வேறு வீங்கி அவன் செருப்பைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் படு என்றால் இதோ இந்தப் பட்டை முடியட்டும் என்பாள். அவள் கணக்கில் பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. திரைக்குத்தான் நாள் இல்லை.

கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாக வருகிற சிஸ்டர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். மனைவியின் தையல் மிஷினில் முழங்காலால் தள்ளுகிற நெம்புகோல் இறுகிப்போயிருந்ததால் முள்ளு அன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, மிஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் அன்று வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சிஸ்டர் மனைவியின் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு வட்ட மானியைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

நூற்று நாற்பத்தெட்டு, தொண்ணூற்றெட்டு. நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு வந்தாலே வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு அனுமதி கிடையாது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாக வேண்டும் என்றார் சிஸ்டர். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் சிறுநீரகம், கண், மூளை என்று எல்லா இடத்திலும் கை வைக்கும், பிள்ளைக்குப் போகிற ரத்தமும் குறையும் என்று நிதானமாகத்தான் சொன்னார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வெல்வெட்டைப் பார்த்தாள். மூன்று பட்டைக்கு இன்னும் கரை மடிக்க வேண்டியிருந்தது.

முள்ளு மிஷினுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். அவன் பார்த்தது சிஸ்டரையும் அல்ல, மனைவியையும் அல்ல. மேஜைமேல் காற்றிறங்கிக் கிடந்த மானியை. சும்மா கிடக்கும்போது அதன் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பத்தில் நின்றது.

“சிஸ்டர், உங்க முள்ளு பூஜ்யத்துலயே நிக்கல பாருங்க. பத்து தூக்கி நிக்குது,” என்றான். “பத்து கழிச்சுக்கோங்க.”

சிஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிஜம்தான். பத்து கழித்தால் நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. அவர் தயங்கினார். அப்போது மனைவி நிமிர்ந்து, முகமெல்லாம் பெருமையாக, “இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். இவருக்கு வேலையே அதுதான்,” என்றாள்.

மனைவி வாயால் அப்படி ஒரு சான்றிதழ் முள்ளுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். அவன் அப்படியே குளிர்ந்துபோனான். சுவரில் எழுதிய சிவப்பு வரி அவனுக்கு அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அது பட்டறைக்கு, இது வீடு என்று நினைத்திருப்பான்.

சிஸ்டர் ஏட்டில் 138/88 என்று எழுதினார். ஆனாலும் அனுபவம் உள்ளவர், சும்மா எழுந்து போகவில்லை. தலைவலி இருக்கிறதா, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி, பொறி பறக்கிற மாதிரி ஏதாவது தெரிகிறதா, வலது விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டார். மனைவி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே மூன்றுக்கும் இல்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்க்கிறவள், அன்று மூன்றாவது தடவையில்தான் கோர்த்தாள். அதையும் முள்ளு பார்த்தான். பார்த்துவிட்டு, இவளுக்கும் வயசாகிறது, கண்ணாடி வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றில் ஒன்று வந்தாலும் எனக்காகக் காத்திருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்றும், நாளைக் காலையில் சிறுநீரைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடு என்றும் சொல்லிவிட்டு, இரண்டு நாளில் வேறு மானியோடு வருகிறேன் என்று சிஸ்டர் கிளம்பினார். இந்த மானியை முள்ளுவிடமே கொடுத்துச் சரிசெய்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பட்டறையில் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது, முள்ளு சிஸ்டரின் மானியை எடுத்துச் சோதனைக் குழாயில் மாட்டினான். பக்கத்தில் நம்பகமான மானி. காற்றை ஏற்றினான். ஐம்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டின. அவன் புருவம் உயர்ந்தது. பத்து அதிகம் காட்ட வேண்டுமே. நூறில், சிஸ்டரின் மானி தொண்ணூற்று நான்கு காட்டியது. நூற்று அறுபத்து நான்குக்கு ஏற்றினான். சிஸ்டரின் முள் நூற்று நாற்பத்தெட்டில் வந்து நின்றது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க அவன் புதுசு அல்ல. மானிக்குள்ளே மெல்லிய தகட்டில் ஒரு சின்ன டப்பி இருக்கும். காற்று நுழைந்தால் அது உப்பும், உப்பினால் முள் நகரும். வயதான டப்பி சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும், அதனால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. அதே டப்பி நிறைய அழுத்தம் வரும்போது முழுசாக உப்பவும் செய்யாது. கீழே கூட்டிக் காட்டும், மேலே குறைத்துக் காட்டும். பாய்லர் மானிகளில் இதை நூறு தடவை பார்த்தவன். பூஜ்யத்தைப் பார்த்து மேலே சொல்லாதே என்று மற்றவர்களை வாய் கிழியத் திட்டியவன். பதினாறு கூட்ட வேண்டிய இடத்தில் பத்து கழித்திருக்கிறான். மனைவியின் ரத்த அழுத்தம் நேற்று நூற்று அறுபத்து நான்கு.

இறங்கிப் பார்க்கவில்லை. மானியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது தடவை மச்சினனுக்கு அடித்தான். மனைவியின் தம்பி, திரைக்கடை வேனை ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், உடனே வா என்றதும், ஏன் என்றுகூடக் கேட்காமல் வரேன் மாமா என்று வைத்துவிட்டான்.

வீட்டில் மனைவி மிஷினுக்குப் பக்கத்தில், திரையின்மேல், ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வலி வந்து போகிற வலியாக இல்லை, வந்து உட்கார்ந்துகொண்ட வலியாக இருக்கிறது என்றாள். முள்ளு அவள் வயிற்றில் கை வைத்தான். பலகை. தினமும் ராத்திரி கை வைத்து உதை எண்ணுகிற வயிறு, கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. அவளைத் தூக்கும்போது அவன் கை ஈரமானது. வெல்வெட் அடர் சிவப்பு அல்லவா, அதில் ரத்தம் தெரியவில்லை. எவ்வளவு போயிருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. அவன் உள்ளங்கையில் பார்த்தபோதுதான் இருவருக்கும் தெரிந்தது.

மச்சினன் வேனில் இருந்த திரைச் சுருள்களின்மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். “மாமா, பிடிச்சுக்கோங்க,” என்று மட்டும் சொன்னான் மச்சினன். அவன் சிக்னலைத் தாண்டிய விதத்தைப் பற்றி இங்கே எழுதினால் அவன் லைசென்சுக்கு ஆபத்து.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்ட உடனேயே குரலை மாற்றிக்கொண்டார். ஆட்கள் ஓடிவந்தார்கள். பிள்ளைக்கு உணவும் மூச்சும் கொண்டுபோகிற நஞ்சுக்கொடி, பிள்ளை வெளியே வந்த பிறகுதான் கருப்பைச் சுவரைவிட்டுப் பிரிய வேண்டும். இங்கே முன்கூட்டியே பிய்ந்துகொண்டு வருகிறது, அழுத்தம் ஏறினவர்களுக்கு இப்படி ஆகலாம், பிள்ளையின் இதயத்துடிப்பு விழுகிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். தினமும் ஐம்பது கையெழுத்துப் போடுகிற கை, அன்று ஒரு கோணல் கோடுதான் போட்டது.

கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தது, எவ்வளவு இருந்தது என்று டாக்டரம்மா கேட்டார். மனைவியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

“ஏட்டுல நூத்தி முப்பத்தெட்டுன்னு இருக்கும், டாக்டர். அது தப்பு. நூத்தி அறுபத்து நாலு. கீழே நூத்தி நாலு இருக்கும். நான்தான் கழிக்கச் சொன்னேன்.”

டாக்டரம்மா அவனை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். சரி என்று சொல்லி, அந்த எண்ணைக் கையுறைக்கு மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே அளந்தபோது நூற்று எழுபத்திரண்டு இருந்ததாம். வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டே வெட்டினார்கள். இருபது நிமிஷத்துக்குள், அழக்கூட மறந்துபோய், பெண் குழந்தை ஒன்று வெளியே வந்தது. ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். மச்சினன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “என் செருப்பு இதைவிட கனம், மாமா,” என்றான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதான்.

மனைவிக்கு இரண்டு நாள் வேறு உலகம். ஊசி மருந்தில் உடம்பெல்லாம் எரிகிறது என்பாள், அப்படியே தூங்கிவிடுவாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்ததும் கேட்டது பிள்ளையை, அடுத்துக் கேட்டது திரையை. மீதி மூன்று பட்டைக்குத் திரைக்கடைக்காரம்மாவே கரை மடித்து மாட்டிவிட்டார் என்றான் முள்ளு. போட்டோவைக் காட்டச் சொன்னாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எட்டாவது பட்டை ஒரு அங்குலம் தூக்கி நிற்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். இவள் பிழைத்துவிட்டாள் என்று அப்போதுதான் முள்ளுக்கு நம்பிக்கை வந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவ்வளவு பலவீனமாக இருக்கிறவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று முதல் வாரம் தள்ளிப்போட்டான். பிறகு நல்ல நாட்கள் வந்துவிட்டன, அது அதைவிடக் கஷ்டம். பிள்ளைக்கு மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்த நாள், மூக்கில் விட்டிருந்த குழாய் வழியாக முதல் இரண்டு மில்லி தாய்ப்பால் போன நாள், பிள்ளையை மனைவியின் வெறும் மார்பில் வைத்துப் போர்த்திவிட்ட நாள். சட்டையைக் கழற்றி உட்காருங்கள், அப்பாவும் வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னபோது முள்ளு காதுவரை வெட்கப்பட்டான். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை. ஒரு கைப்பிடி அளவு பிள்ளை அவன் நெஞ்சுமயிரைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. இந்த மாதிரி நாளில் அந்தப் பேச்சை எடுக்க எந்த மடையனுக்கு மனசு வரும்?

சிஸ்டரிடம் மட்டும் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். நீங்கள் ஆயிரம் சொல்லலாம், எழுதின கை என் கை என்றார். தன் மேலதிகாரிக்கு நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். தன் வட்டாரத்து மானிகளோடு ஆஸ்பத்திரியின் அந்த வார்டு மானிகளையும் சேர்த்துப் பதினோரு மானியை ஒரு பையில் போட்டு அவனிடம் கொடுத்து அனுப்பினார். முள்ளு அத்தனையையும் பத்துப் பத்து இடத்தில் பார்த்தான். நான்கு மானியைக் குப்பையில் போடச் சொன்னான். மற்றதில் கையெழுத்துப் போட்டான். இவ்வளவு செய்தும் மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் அவனை நம்பிச் சொன்ன வார்த்தை ஒன்று இருந்ததே. இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால் இனிமேல் அவள் அதைச் சொல்ல மாட்டாள் என்று பயம். அவனுக்கு வேறு பயமே இல்லை.

நாற்பத்து நான்காம் நாள். ஆயிரத்து எண்ணூறு கிராம் வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பது அந்த வார்டின் விதி. முந்தின நாள் ஆயிரத்து எழுநூற்று அறுபது இருந்தது. மனைவி விடியும்போதே பையைக் கட்டி வைத்துவிட்டாள். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, அவளே பஞ்சுத் துணியில் தைத்த சின்னச் சட்டை. மச்சினன் வேனைத் துடைத்து, உள்ளே மெத்தை போட்டு, வாசலில் நிறுத்தியிருந்தான்.

வழக்கமான எலக்ட்ரானிக் தராசு அன்றைக்கென்று பழுது. நர்ஸ் கீழ்த்தளத்திலிருந்து ஒரு பழைய முள் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பிள்ளையைத் தட்டில் கிடத்தினாள். பிள்ளை காலை உதறியது. முள் ஆடி ஆடி ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தில் நின்றது. மனைவி கையைக் கூப்பிக்கொண்டு சிரித்தாள்.

முள்ளு பிள்ளையைப் பார்க்கவில்லை. நர்ஸ் பிள்ளையைத் தூக்கிய பிறகு தட்டைப் பார்த்தான். வெறும் தட்டு. முள் பூஜ்யத்துக்கு மேலே ஒரு கோடு தள்ளி நின்றது. அவன் பார்வை போன இடத்தை நர்சும் பார்த்தாள். இளம்பெண், நல்ல பெண், இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இவர்களைவிட ஆசைப்பட்டவள்.

“பத்து தூக்கி நிக்குதே,” என்றாள். “பரவாயில்ல. பத்து கழிச்சாலும் சரியா ஆயிரத்து எண்ணூறு. நீங்க கிளம்பலாம்.”

சும்மா இருந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள்.

“கழிக்காதீங்க,” என்றான். “பூஜ்யத்துல பத்துன்னா மேலயும் பத்துதான்னு யார் சொன்னது? அப்படித்தான் அன்னைக்கு நானும் சொன்னேன்.”

பிறகு நிறுத்த முடியவில்லை. நர்ஸ் நிற்கிறாள், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறது என்பதெல்லாம் மறந்து, மனைவியைப் பார்த்துச் சொன்னான். மானியை மறுநாள் சோதித்ததை, கழிக்கச் சொன்ன இடத்தில் கூட்டியிருக்க வேண்டியதை, செவ்வாய்க்கிழமையே அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியதை. நாற்பத்து நான்கு நாள் தினமும் சொல்ல நினைத்ததையும் சொன்னான். சொல்லி முடித்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கைக்குட்டை இல்லை. பிள்ளையின் காலுறையால் துடைத்துக்கொண்டான்.

மனைவி தோளிலிருந்து பையை இறக்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

“அன்னைக்குச் சிஸ்டர் என்னை மூணு கேள்வி கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள்.

இருக்கிறது என்று தலையாட்டினான்.

“காலையில இருந்தே கண்ணுல பொறி பறந்துச்சு. ஊசிக் காதே தெரியல எனக்கு. தலை வெடிச்சுது. ஒண்ணும் இல்லைன்னுட்டேன். மறுநாள் சிறுநீர் குடுக்கச் சொன்னாங்க, அதுக்கும் போகல. மூணு பட்டைதான் பாக்கின்னு இருந்துட்டேன்.” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “நீங்க பத்துதான் கழிச்சீங்க. நான் மொத்தத்தையும் கழிச்சுட்டேன். அதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு நானும் இத்தனை நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன்.”

மூன்றாவது தடவையில் நூல் கோர்த்த அந்த ஊசி இப்போதுதான் அவன் கண்முன் வந்து நின்றது. கண்ணாடி வாங்கித் தர வேண்டும் என்று நினைத்தானே, அந்தப் புத்திசாலி. சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அழுதாளா சிரித்தாளா என்று நர்சுக்குச் சந்தேகம் வந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முள்ளு வேனில் பட்டறைக்குப் போய் முத்திரை போட்ட எடைக்கற்களைக் கொண்டுவந்தான். வார்டு மேஜையில் வைத்து ஐந்து இடம் ஏறிப் பார்த்தான், ஐந்து இடம் இறங்கிப் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஆயிரத்து எண்ணூறு கிராம் கல்லுக்குத் தராசு ஆயிரத்து எண்ணூற்று முப்பது காட்டியது. அப்படியானால் பிள்ளையின் எடை ஆயிரத்து எழுநூற்று எண்பது. இருபது கிராம் பாக்கி. இன்னும் ஒரு நாள், அல்லது இரண்டு நாள். மச்சினனிடம் வேனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னபோது, சரி மாமா என்று மெத்தையைச் சுருட்டினான்.

மனைவி பையை அவிழ்த்து, தொப்பியையும் சட்டையையும் மறுபடி அலமாரியில் அடுக்கினாள். கோபப்படுவாள் என்று முள்ளு எதிர்பார்த்தான். அவள் பிள்ளையை மார்பில் வைத்துப் போர்த்திக்கொண்டு, இருபது கிராம்தானே, இதோ இப்பவே குடிச்சுரும் பாருங்க என்றாள். பிள்ளை அதற்கென்றே பிறந்த மாதிரி குடித்தது.

சாயங்காலம் அதே நர்ஸ் மனைவிக்குப் பிரஷர் பார்க்க வந்தாள். அவளுக்கு இன்னும் மாத்திரை நிற்கவில்லை. இனி வருஷாவருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த பிள்ளை என்றால் ஆரம்பத்திலேயே வந்து சொல்ல வேண்டும் என்றெல்லாம் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நர்ஸ் பட்டையைச் சுற்றுமுன், மானியைத் திருப்பி அதன் முள்ளை முள்ளுவிடம் காட்டினாள். பூஜ்யத்தில் நின்றது. ஓரத்தில் அவன் கையெழுத்துப் போட்ட ஒட்டுத்தாள். நூற்று இருபத்தெட்டு, எண்பத்திரண்டு. நல்லா இருக்கு என்று எழுதிக்கொண்டே, தினமும் கேட்கிற கேள்வியைத் தலை நிமிராமல் கேட்டாள். தலைவலி ஏதாவது?

மனைவி வழக்கம்போல இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். “மத்தியானத்துல இருந்து. கொஞ்சம்தான். ஆனா இருக்கு.”

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். கண்ணில் பொறி பறக்கிறதா, விலாவில் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மனைவி ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். அரைமணி கழித்து வந்து மறுபடி பார்க்கிறேன் என்று நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். வந்து பார்த்தாள், அதே அளவுதான் இருந்தது. காலையில் அழுததும் மத்தியானம் தூங்காததும்தான் காரணம், ஒரு டீ குடித்தால் போய்விடும் என்றாள். போய்விட்டது.

மனைவிக்குத் தலைவலி என்று காதால் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷனை அந்த வார்டில் அதற்குமுன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டீ வாங்க மாடிப்படியில் இறங்கியபோது அவன் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான்.